மூன்றாம் நிலைத் தலையாட்டல்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. கப்பல் கிளம்பும் நேரத்தில், பங்க் கிளாஸ் என்கிற அடித்தட்டு டிக்கெட்டை ஒரு கையிலும் பெட்டியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அந்தமானின் ஹாடோ ஜெட்டியில் நிற்கிறவன் பொய் சொல்லமாட்டான் அல்லவா, அந்த ரக உண்மை. கடல்மேல் சத்தியம். கடலில் போய்ச் சேர்ந்தவர்கள்மேல் சத்தியம். ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் தீவுக்கே வந்து விசாரித்துக்கொள்ளலாம், டிக்கெட் கிடைத்தால்.

நீலாவதி அம்மாளுக்கு அந்தமான் வெளிநாடு. அவர் ஊர் மலேசியாவில் கிள்ளான். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சிற்றுண்டிச்சாலை நடத்தி, முழங்கால் வலி வந்து, கடையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பேச ஆரம்பித்தார். காலையில் தொலைக்காட்சியோடு பேசினார், மத்தியானம் தபால்காரரை நிறுத்தி வைத்துப் பேசினார், சாயங்காலம் வேலை முடிந்து வரும் மகள் வைஜெயந்தி செருப்பைக் கழற்றுவதற்குள் பேசினார்.

"அம்மா, ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க கேட்டதே இல்ல லா" என்று ஒரு நாள் மகள் சொன்னாள். அதையும் அம்மாள் பாதிவரைதான் கேட்டார். மகள் கணினியைத் திறந்து தேடினாள். 'வெளிநாட்டில் அநாதைக் குழந்தைகளோடு ஒரு பருவம்: கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று ஒரு விளம்பரம் அகப்பட்டது. அம்மாவின் பெயரைப் பதிந்து, விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டாள். அநாதைக் குழந்தைகள் என்றதும் அம்மாள் மறுக்கவில்லை. போகிற வழியெல்லாம் பக்கத்து இருக்கைக்காரரிடம் அவர்களைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்.

அந்தமானில் லம்பா லைன் என்கிற பகுதியில், விமானம் தாழ்ந்து இறங்குகிற பாதைக்கு நேர் கீழே இருந்தது செவிக்கொடை அனைத்துலக அறக்கட்டளை. அதன் தலைமையகம் ஜெனீவாவில் இருப்பதாக ஒரு சாரார் சொன்னார்கள், ஈரோட்டில் இருப்பதாக இன்னொரு சாரார் சொன்னார்கள். தீவுக் கிளைக்கு இயக்குநர் டாக்டர் சிவஞானம். எதில் டாக்டர் என்று எவரும் விசாரித்ததில்லை. விசாரிப்பது அங்கே தடை.

முதல் நாள் அவர் வரவேற்புரை ஆற்றினார்.

"நண்பர்களே, உலகில் மற்றவர்கள் எல்லாம் அநாதைக் குழந்தைகளுக்கு எதையாவது செய்கிறார்கள். சோறு போடுகிறார்கள். பள்ளிக்கு அனுப்புகிறார்கள். மருந்து வாங்கித் தருகிறார்கள். விளைவு என்ன? குழந்தை பேசுவதை நிறுத்திவிட்டு விளையாடப் போய்விடுகிறது. ஒரு துயரம் பாதியிலேயே அறுந்துபோகிறது. அந்தப் பாவத்தை நாங்கள் செய்வதில்லை. நாங்கள் எதையுமே செய்வதில்லை. கேட்கிறோம்."

முன்வரிசையில் இருந்த பின்லாந்துத் தம்பதி கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பிறகு விதிகளை விளக்கினார்கள். குழந்தை பேசும்போது பதில் சொல்லக் கூடாது. கேள்வி போடக் கூடாது. குழந்தை சொன்னதன் கடைசிச் சொற்களை மட்டும் மெதுவாகத் திருப்பிச் சொல்லலாம். அதற்கு 'எதிரொலி' என்று பெயர். காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு எதையாவது செய்துவிட்டால் அது 'தலையீடு'. தலையிட்டவர் மௌன அறையில் உட்கார வேண்டும். தலையாட்டலாம். அதில் மூன்று நிலைகள். முதல் நிலையில் தாடை அசையும். இரண்டாம் நிலையில் கழுத்து அசையும். மூன்றாம் நிலையில் கழுத்தோடு கண்ணும் கலங்க வேண்டும். தினமும் காலையில் எல்லாரும் வராந்தாவில் வரிசையாகப் படுத்து, காதில் வெதுவெதுப்பான தேங்காயெண்ணெய் விட்டுக்கொள்வார்கள். அதற்குப் பிறகு வெகுநேரம் யாருக்கும் ஒன்றும் கேட்காது. அந்த நேரம்தான் கேட்பதற்கு உகந்தது என்று குழந்தைகளை அப்போது கொண்டுவந்து எதிரே உட்காரவைப்பார்கள்.

தொண்டர்களில் யாருக்கும் தமிழோ ஹிந்தியோ வங்காளமோ தெரியாது. அதுவே அவர்களுடைய தகுதி. மொழி தெரிந்தால் சொற்கள் குறுக்கே வந்துவிடும் என்பது டாக்டரின் கண்டுபிடிப்பு. பின்லாந்து அம்மாள்தான் அந்தப் பருவத்தின் தலைசிறந்த செவி. தண்ணீர் வேண்டும் என்று ஒரு குழந்தை வங்காளத்தில் சொன்னதற்கு அவர் ஒரு மணி நேரம் அழுதிருக்கிறார். நீலாவதி அம்மாளின் சட்டையில் மட்டும் 'மொழி அறிந்தவர், கூடுதல் கண்காணிப்பு தேவை' என்று ஒரு சீட்டைக் குத்திவிட்டார்கள்.

விமானம் தலைக்கு மேல் போகும்போது கேட்பது நிறுத்தப்படும். குழந்தைகளுக்கு அது பழகிப்போயிருந்தது. அழுதுகொண்டிருக்கும் பிள்ளை சத்தம் வந்ததும் அழுகையை நிறுத்தி, வால் பக்கம் எந்த நிறம் என்று அண்ணாந்து பார்த்து, சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து அழும்.

அம்மாளுக்கு முதலில் கிடைத்த பையன் சுரேந்தர். கன்னம் வீங்கி எதிரே உட்கார்ந்து, "பல்லு வலிக்குது" என்றான். அவன் அதை முந்திய பருவத்துத் தொண்டர்களிடமும் சொல்லியிருக்கிறான், அதற்கும் முந்திய பருவத்தாரிடமும் சொல்லியிருக்கிறான். அந்த வீட்டிலேயே மிக நன்றாகக் கேட்கப்பட்ட குழந்தை என்று அவனுக்கு ஒரு கோப்பை கொடுத்திருந்தார்கள். அம்மாள் எழுந்து நேரே சமையலறைக்குப் போய், சமையல்காரி அன்னம்மாளிடம் இரண்டு கிராம்பு வாங்கிவந்து பையனின் வாயில் வைத்தார்.

மௌன அறை கிணற்றடியில் இருந்தது. வாசலில் டாக்டரே வந்து நின்றார்.

"அம்மா, ஒரு நீண்ட வலியோடு நாங்கள் உடன்வந்துகொண்டிருந்தோம். நீங்கள் இரண்டு கிராம்பில் அதைக் கலைத்துவிட்டீர்கள். இன்று காலை அந்தப் பையன் பந்து விளையாடினான். உங்களுக்கு மனசாட்சி உறுத்தவில்லையா?"

அறையில் இருந்த நேரமெல்லாம் அம்மாளுக்கு வலித்தது முழங்கால்தான். ஆனால் வெளியே வரும்போது, இத்தனை பேர் இத்தனை தூரத்தில் இருந்து வந்து இதற்குத் தலையாட்டுகிறார்கள், நமக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது என்று ஒரு எண்ணமும் கூடவே வெளியே வந்தது.

அதற்குப் பிறகு அவருக்கு ரூபாவைக் கொடுத்தார்கள். இரண்டாம் வகுப்பு படிக்கிற வயது. வடக்கே மாயாபந்தர் பக்கத்திலிருந்து ஜீப்பில் கொண்டுவந்து விட்ட பெண். நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்து, பாடம் ஒப்பிப்பதுபோல் இல்லாமல், பக்கத்து வீட்டில் தகவல் சொல்வதுபோல் சொன்னாள்:

"எங்க அம்மா பாம்பூஃப்ளாட்ல இருக்காங்க. ஜெட்டி கிட்ட கடை. நீலக் குடை. சாத்தம் ஜெட்டில போட் ஏறுனா வந்துரும்."

நீலாவதி அம்மாள் எதிரொலியை மறந்தார். தாய் உயிரோடு இருக்கிற பிள்ளையை அநாதைகளோடு வைத்திருக்கிறார்களே என்று பதறிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே ஒருங்கிணைப்பாளர் ஸ்வேதா இருந்தாள். தீவிலேயே பிறந்து வளர்ந்தவள், தாத்தா காலத்தில் வந்த குடும்பம். விஷயத்தைச் சொன்னதும் அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"ஆன்ட்டி, ப்ளீஸ். நான் ஸ்டாஃப். வாலன்டியர்தான் கேக்கலாம், ஸ்டாஃப் கேக்கறது மனா ஹை, கூடவே கூடாது. போன வருஷம் ஒரு புள்ள சொன்னதக் கேட்டதுக்காக ஆபீஸ்ல இருந்த ஒரு பையாவை ட்ரான்ஸ்ஃபர் பண்ணிட்டாங்க. நீங்க சார்கிட்டயே போங்க."

சார் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். முழுவதும் கேட்டார். கழுத்தை அசைத்தார். பெற்றோர் இருவரும் இல்லை என்று சொல்லித்தான் அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து விட்டார்கள் என்றார்.

"இதற்குப் பெயர் மறுப்பு நிலை, அம்மா. இறந்தவர் இருப்பதாகச் சொல்வது. இவ்வளவு தூய்மையான மறுப்பு நிலையை நான் இந்தத் துறையில் கண்டதில்லை. தினமும் அதே சொற்கள், அதே குடை, அதே நீலம்."

"போட்ல போனா அக்கரை லா. ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துரலாமே?"

"போகிறோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒருத்தி இருந்துவிட்டால்?"

"இருந்தா நல்லதுதானே?"

"யாருக்கு?" என்றார் டாக்டர், உண்மையாகவே புரியாமல்.

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பித்தளைக் காதை எடுத்தார். இரண்டாம் நிலைச் செவிக்குரிய பதக்கம் அது. இப்படி ஒரு துயரம் எதிரே வந்து உட்காருவது தொண்டருக்கு வாய்ப்பது அரிது என்றும், அம்மாளிடம் ஏதோ இருப்பதால்தான் ரூபா அவரிடம் வந்திருக்கிறாள் என்றும் சொல்லி, 'மொழி அறிந்தவர்' சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் காதைக் குத்தினார்.

கிள்ளானில் அத்தனை வருஷம் கடை நடத்தியும் அம்மாளுக்கு யாரும் பதக்கம் குத்தியதில்லை. அன்றிலிருந்து அவர் தேறிவிட்டார். காலையில் காதில் எண்ணெய், பிறகு ரூபா. "எங்க அம்மா பாம்பூஃப்ளாட்ல இருக்காங்க" என்பாள் ரூபா. "பாம்பூஃப்ளாட்ல இருக்காங்க" என்பார் அம்மாள். "நீலக் குடை." "நீலக் குடை." கழுத்து தானாக அசையும். சீக்கிரமே கண்ணும் கலங்க ஆரம்பித்தது. மகளுக்குத் தொலைபேசியில், தான் இப்போது எப்படியெல்லாம் கேட்கிறேன் என்பதை நெடுநேரம் விவரித்தார். மழை வந்தது, போனது. தூங்கும்போதும் அவர் தலை ஆடுவதாகப் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஆஸ்திரேலியப் பெண் பெருமையோடு அறிவித்தாள்.

அன்னம்மாள் விஷயம் நடந்தது இந்தக் காலத்தில்தான். சமையல்காரி அன்னம்மாள் மதிய நேரத்தில் கூடத்துக்குள் வந்தாள். முகத்தில் வேர்வை.

"ஐயா, கேஸ் டியூப் வெடிச்சுக் கிடக்கு. நாத்தம் தாங்கல. உள்ளாற போக முடியல, ஆள வரச் சொல்லுங்க."

டாக்டர் விரலை உயர்த்தினார். தொண்டர்கள் சத்தமில்லாமல் எழுந்து அன்னம்மாளைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள். பின்லாந்து அம்மாள் அவள் பாதத்தருகே உட்கார்ந்தார். "ஆள வரச் சொல்லுங்க" என்று எல்லாரும் தாழ்ந்த குரலில் எதிரொலித்தார்கள். அன்னம்மாள் திரும்பச் சொன்னாள். திரும்ப எதிரொலித்தார்கள். அவள் பார்வை வட்டத்தைச் சுற்றி, நீலாவதி அம்மாளின் முகத்தில் வந்து நின்றது. அம்மாளின் தலை ஆடிக்கொண்டிருந்தது. கண் கலங்கியிருந்தது. மூன்றாம் நிலை, குற்றம் குறை சொல்ல முடியாத மூன்றாம் நிலை.

"அடியே, உனக்குமா? உனக்குத் தமிழ் தெரியும்ல?" என்றாள் அன்னம்மாள்.

வேறு வழியில்லாமல் அவளே வாயை முந்தானையால் மூடிக்கொண்டு, சிலிண்டரை அடைக்க உள்ளே போனாள். சமையலறைக் கூரை போனது. அவளுடைய வலது கையும் முழங்கைவரை வெந்துபோனது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்கள் சுவர் ஏறிக் குதித்து வந்து, அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனார்கள். அவர்கள் பயிற்சி பெறாதவர்கள்.

மறுநாள் கரி படிந்த கூடத்தில் டாக்டர் பேசினார். "அன்னம்மாள் பேசினார். நாம் இருந்தோம். ஒரு வெடிப்புக்கு முன்னால் இவ்வளவு கவனத்தோடு அமர்ந்திருந்த நிறுவனம் உலகில் வேறு ஏதாவது உண்டா? தீயணைப்புத் துறைக்குத்தான் இந்தப் பெருமை உண்டா?"

நீலாவதி அம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்னம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் அம்மாள் கட்டிலருகே நின்றார்.  ஏதாவது பேசப்போனால் தலை முதலில் ஆடியது. அதைக் கையால் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே ரூபா உட்கார்ந்திருந்தாள். பாம்பூஃப்ளாட் வரவில்லை. குடையும் வரவில்லை. மேலே விமானம் போனது, ரூபா அண்ணாந்து பார்க்கவில்லை. எப்போதிருந்து இப்படி வாய் மூடியிருக்கிறாள் என்று அம்மாளுக்கு நினைவுக்கு வரவில்லை. பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருந்த நாட்களிலும் தான் எதிரொலித்திருக்கிறோம், தலையாட்டியிருக்கிறோம் என்று அவருக்கு மெதுவாக உறைத்தது.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார். அந்த வீட்டில் ஒரு குழந்தையிடம் போடப்பட்ட முதல் கேள்வியைப் போட்டார்.

"ரூபா, உங்கம்மா கடையில என்னா விக்கிறாங்க?"

ரூபா நிமிர்ந்தாள். பிறகு, "வடை" என்றாள். "நாங்க அங்க குடியிருந்தப்ப சாயந்தரம் போனா ஒண்ணு கூடக் குடுப்பாங்க. வெயில் அடிச்சா குடைய நம்ம பக்கம் சாச்சு வைப்பாங்க."

"அப்புறம் ஏன் புள்ள உன்னப் பாக்க வரல?"

"நான் இங்க இருக்கேன்னு அவங்களுக்கு யாரும் சொல்லலையே."

அன்று சாயங்காலமே டாக்டர் ஒரு நற்செய்தி அறிவித்தார். சென்னைக்கு அருகே அறக்கட்டளை கட்டியிருக்கும் உயர்செவி வளாகத்துக்கு ரூபா தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறாள். பல தேசத்தார் வந்துபோகிற இடம் அது. அங்கே ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து, தன் அம்மா பாம்பூஃப்ளாட்டில் இருப்பதாக நாள்தோறும் அவள் சொல்வாள். மெயின்லேண்ட் கப்பலில் டிக்கெட் கிடைத்துவிட்டது. அதுவே ஒரு அற்புதம். எவ்வளவு காலத்துக்கு என்று பின்லாந்துக்காரர் சைகையால் கேட்டார். "நன்றாகப் பராமரித்தால் ஒரு மறுப்பு நிலை எழுபது வயதுவரை தாங்கும்" என்றார் டாக்டர்.

நீலாவதி அம்மாள் எழுந்து, பிள்ளையைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன் ஒரே ஒரு தரம் பாம்பூஃப்ளாட் போய்வந்துவிடலாம் என்று சொன்னார். கூடம் முழுவதும் அவரைக் கேட்டது. இருபது தலைகள் ஆடின. "போய்வந்துரலாம்" என்று எல்லாரும் எதிரொலித்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் ஆளாளுக்கு வந்து கட்டிக்கொண்டு, உங்கள் வேதனை எங்களுக்குள் இறங்கிவிட்டது என்று அவரவர் பாஷையில் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

கப்பல் நாளன்று காலையில் வழியனுப்பு விழா. தலைமையகத்திலிருந்து பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். மேடையில் எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் டாக்டர் சிவஞானம், வெள்ளை வேட்டி, மார்பில் பொற்காது. மற்றதில் ரூபா கடைசியாக ஒரு தரம் சொல்ல வேண்டும், அவர் கேட்க வேண்டும், அதை நாலு காமிரா படம்பிடிக்க வேண்டும். ரூபாவுக்குப் பட்டுப்பாவாடை கட்டியிருந்தார்கள். ஏறிப்போய் உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவில்லை. பிரதிநிதிகள் காத்திருந்தார்கள். விமானம் ஒன்று போய், அதன் சத்தமும் போனது. டாக்டரின் நெற்றியில் வேர்த்தது.

நீலாவதி அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேடையேறினார். ரூபாவை எழுப்பி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்தார். பேசுகிற நாற்காலியில் உட்கார்ந்தவரை யாரும் தடுக்கக் கூடாது என்பது விதி.

"நான் இந்தப் புள்ளைய பாம்பூஃப்ளாட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

டாக்டர் காமிராக்களைப் பார்த்தார். தாடை அசைந்தது. "பாம்பூஃப்ளாட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்க."

"இப்பவே."

"இப்பவே."

"உங்ககிட்ட அனுமதி கேக்கல."

"அனுமதி கேக்கல." கழுத்து அசைந்தது.

"அவங்கம்மா இருந்தா விட்டுட்டு வந்துருவேன். கப்பலுக்கு வரமாட்டா."

"கப்பலுக்கு வரமாட்டா" என்றார் டாக்டர் சிவஞானம். கண் கலங்கியது. அவர் வாழ்க்கையில் மூன்றாம் நிலைக் கண்ணீர் முயற்சி இல்லாமல் வந்தது அந்த ஒரு தரம்தான். பிரதிநிதிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கைதட்டல் ஓயும்போது அம்மாளும் பிள்ளையும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

வாசலில் காவலாளி கண்ணையா இருந்தார். அவரும் பயிற்சி பெற்றவர்.

"பாம்பூஃப்ளாட் போறோம்ணே" என்றார் அம்மாள்.

"பாம்பூஃப்ளாட் போறீங்க" என்றார் கண்ணையா. தடுப்பது தலையீடு. கதவைத் திறந்துவிடுவதும் தலையீடு. அதனால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலையாட்டிக்கொண்டிருந்தார். கதவை அம்மாளே தள்ளித் திறந்தார்.

ஆட்டோவில் சாத்தம் ஜெட்டி. பிறகு போட். ஸ்கூட்டர்களுக்கும் கீரைக்கட்டுகளுக்கும் ஆபீஸ் பைகளுக்கும் நடுவே அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கேட்க வேண்டியவை அவர் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. பிள்ளை எப்படித் தொலைந்தது, யார் மாயாபந்தருக்குக் கொண்டுபோனார்கள், அப்பா எங்கே, காணோம் என்று போலீசில் ஏன் எழுதிக்கொடுக்கவில்லை, பிறந்த சர்டிபிகேட் இருக்கிறதா. ஒரு தாய்க்காரியை இவ்வளவு நாள் காக்கவைத்ததற்கு எப்படி மன்னிப்புச் சொல்வது என்பது தனி. ரூபா பட்டுப்பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அக்கரையைப் பார்த்தபடி நின்றாள்.

ஜெட்டியை விட்டு ஏறியதும் குடை தெரிந்தது. நீலம்தான். வெயிலில் வெளுத்து ஓரங்களில் வெள்ளையாகியிருந்தது. அதன் கீழே ஒரு ஸ்டவ், எண்ணெய்ச் சட்டி, பக்கத்தில் ஒரு பெஞ்சு. நாற்பது தாண்டிய ஒரு பெண்பிள்ளை வடை தட்டிக்கொண்டிருந்தாள். சரசு என்று பெயர். "அரே சரசுதீதி, தோ வடை" என்று யாரோ ஒரு வங்காளி இரண்டு வடை கேட்டான். கொடுத்தாள்.

ரூபா அம்மாளின் கையை விட்டாள். ஸ்டவுக்குப் பக்கத்தில் போய், அங்கேயே நின்று பழகியவள்போல நின்றாள்.

சரசு நிமிர்ந்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பட்டுப்பாவாடையைப் பார்த்தாள். பின்னால் நிற்கிற அம்மாளையும் அவர் நெஞ்சில் மின்னுகிற பித்தளைக் காதையும் பார்த்தாள்.

"செவிக்கொடை இல்லத்துல இருந்து வர்றோம்மா" என்றார் நீலாவதி அம்மாள். "இந்தப் புள்ளைய அநாதைன்னு கப்பல்ல ஏத்தப் பாக்குறாங்க. நீங்கதான் அம்மான்னு இது சொல்லுது."

சரசுவின் கரண்டி எண்ணெயிலேயே நின்றது. சட்டியில் கிடந்த வடைகள் பழுத்து, சிவந்து, கருக ஆரம்பித்தன. ரூபா அவளை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. தகவல் சொல்லியாயிற்று, இனி உங்கள் பாடு என்கிற பார்வை. போட் சங்கு ஊதி, திரும்பிப் போக ஆரம்பித்தது.

"எங்கடி போன இவ்ளோ நாளா?" என்றாள் சரசு.  "ஒல்லியாப் போயிட்ட. உக்காரு."

கருகியவற்றை அரித்துக் கொட்டிவிட்டு, குடையைப் பெஞ்சுப் பக்கம் சாய்த்து வைத்தாள்.

நீலாவதி அம்மாள் வாயைத் திறந்தார். சரசு திரும்பி அவரைப் பார்த்தாள். ஒரு வினாடிதான் பார்த்தாள். அம்மாளின் நாக்கு நுனியில் நின்ற அத்தனையும் வந்த வழியே உள்ளே போயின. தலையும் ஆடவில்லை.

"பசியாறல இன்னும்" என்றார் அம்மாள். "ரெண்டு வடை குடும்மா."

அடுத்த போட்டில் டாக்டர் சிவஞானம் வந்து இறங்கினார். பின்னால் பிரதிநிதிகள், காமிராக்கள், நிழலுக்குத் தவித்தபடி பின்லாந்துத் தம்பதி. டாக்டர் மூச்சு வாங்கக் கடைமுன் வந்து நின்றார்.

"இது என் பொண்ணு" என்றாள் சரசு.

காமிராக்கள் நெருங்கின. "உங்கள் பொண்ணு" என்றார் டாக்டர். அவருக்குள்ளும் நாலைந்து கேள்விகள் முட்டியது தொண்டையில் தெரிந்தது. ஆனால் பிரதிநிதிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேள்வி போட்டால் அவருடைய வாழ்நாள் முறை அந்த ஜெட்டியிலேயே செத்துவிடும். கழுத்தை அசைத்தார். எல்லாரும் அசைத்தார்கள். வடை வாங்க வந்து நின்றவர்களும் மரியாதைக்கு அசைத்தார்கள். டாக்டர் காமிராவின் பக்கம் திரும்பி, "பார்த்தீர்களா, ஒரு மறுப்பு நிலையைக் கேட்டுக் கேட்டே நாம் உண்மையாக்கிவிட்டோம்" என்றார். அவர் பேசிய பேச்சுகளில் அது ஒன்றுதான் பிறகு புத்தகத்தில் ஏறியது.

அந்த ஆண்டுக்கான தங்கச் செவி அவருக்கே கிடைத்தது. சமையலறைக்குப் புதுக் கூரை போட்டார்கள், புதுச் சமையல்காரியும் வந்தாள். ஒரு கையால் மாவு பிசைய முடியாது என்று அன்னம்மாளை அனுப்பிவிட்டார்கள். அனுப்புமுன் ஒரு மணி நேரம் கேட்டார்கள். கப்பல் டிக்கெட்டை வீணாக்கக் கூடாது என்பதால் ரூபாவுக்குப் பதில் சுரேந்தரை ஏற்றிவிட்டார்கள். டிக்கெட்டில் ரூபா என்று இருந்தது. வளாகத்தில் அவனை இன்றும் ரூபா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கண்ணாடி அறையில் உட்கார்ந்து, தன் அம்மா பாம்பூஃப்ளாட்டில் இருப்பதாக அவன் தினமும் சொல்கிறான். அவனுக்குப் பாம்பூஃப்ளாட் எந்தத் திசை என்று தெரியாது. நடுவில் பல் வலிக்கிறது என்று சொன்னால் அந்தப் பகுதியைப் படத்தில் வெட்டிவிடுகிறார்கள்.

நீலாவதி அம்மாள் கிள்ளானுக்குத் திரும்பினார். பேச்சு குறைந்துவிட்டது. மகள் பயந்துபோய் மருத்துவரிடம் காட்டினாள். சுரேந்தரை அனுப்பிய விஷயம் தெரிந்ததும் அந்த வளாகத்துக்கு அம்மாள் பலமுறை தொலைபேசி போட்டார். ஒவ்வொரு முறையும் மறுமுனையில் ஒருவர் கடைசிவரை கேட்டு, கடைசிச் சொற்களைத் திருப்பிச் சொல்லி, கலங்கிய குரலோடு தொலைபேசியை வைத்துவிட்டார்.

ரூபா பாம்பூஃப்ளாட் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். சாயங்காலம் கடையில் உட்கார்ந்து எண்ணெய்க் காகிதம் கிழித்துக் கொடுக்கிறாள். வாய் ஓய்வதில்லை. பேசாமல் இருடி என்று சரசு அதட்டுவது ஜெட்டிவரை கேட்கும்.

சரசுவுக்குப் பிள்ளை பிறந்ததே இல்லை.